சிறிய டிசி மோட்டருக்கு எத்தனை வோல்ற்று கொடுக்கலாம்? அளந்து முடிவெடுக்கும் முழு வழிகாட்டி

பழைய சாமானிலிருந்து கழற்றிய ஒரு மோட்டர் கையில் இருக்கிறது. மேலே எழுத்து ஒன்றும் இல்லை. 12 வோல்ற்றுப் பற்றரியில் தொட்டுப் பார்த்தால் நன்றாகச் சுற்றுகிறது. "அப்ப இது 12 வோல்ற்று மோட்டர்தான்" என்று சொல்லி விசிறி பூட்டி ஓடவிட்டால், பத்தாவது நிமிடம் வார்னிஷ் கருகும் வாடை வருகிறது. பாடசாலைக் கண்காட்சி மேசையிலும், திருகோணமலை மாவட்டத்தில் கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து வள்ளங்களின் தண்ணீர் இறைக்கும் பம்பிலும் மோட்டர்கள் சாவது பெரும்பாலும் இப்படித்தான். வெறுமனே சுற்றிக் காட்டியதை நம்பி, சுமை ஏற்றிய பிறகு என்ன நடக்கிறது என்று பார்க்காமல் விடுவதுதான் காரணம்.

முதலில் ஒன்றை மனதில் பதிய வையுங்கள். மோட்டரின் வேகத்தை வோல்ற்று தீர்மானிக்கிறது. கரண்ட்டைச் சுமை தீர்மானிக்கிறது. மோட்டரை எரிப்பது கரண்ட். ஆகவே "இந்த மோட்டருக்கு எத்தனை வோல்ற்று?" என்ற கேள்விக்கு, அது எதைச் சுற்றப் போகிறது என்று தெரியாமல் சரியான பதில் கிடையாது. ஒரே மோட்டர் ஒரு சிறிய விசிறியோடு 12 வோல்ற்றில் ஆண்டுக்கணக்கில் ஓடும். பெரிய விசிறியோடு அதே 12இல் கருகும்.

உள்ளே நடப்பது

உயர்தரப் பௌதிகவியலில் வரும் பின் மின்னியக்க விசைதான் இதில் முழு விஷயமும். ஆமேச்சர் (சுருள் சுற்றிய, சுழலும் உட்பாகம்) சுற்றும்போது அதுவே ஒரு ஜெனரேற்றராகி, கொடுத்த வோல்ற்றை எதிர்த்துத் தள்ளுகிறது. வேகம் கூடக் கூட எதிர்ப்பும் கூடும். சுருளின் தடைக்கு மிஞ்சுவது கொஞ்ச வோல்ற்றுத்தான். சுமை ஏறி வேகம் விழுந்தால் எதிர்ப்புக் குறைகிறது, கரண்ட் ஏறுகிறது. தண்டு முழுதாக இறுகி நின்றுவிட்டால் எதிர்ப்புப் பூச்சியம். அப்போது ஓடும் கரண்ட், வோல்ற்றைச் சுருளின் தடையால் வகுத்தால் வருவது. மோட்டர் புறப்படும் கணத்திலும் இதே அளவுதான் ஓடும், ஆனால் ஒரு நொடிக்கும் குறைவாக.

பொம்மைகளில் வரும் 130 அளவு மோட்டரைப் பாருங்கள். மபுச்சி என்ற ஜப்பானிய மோட்டர்க் கம்பனியின் 2270 சுருள் கொண்ட வகைக்கு 1.5 முதல் 3 வோல்ற்று வரை என்று போட்டிருக்கும். 1.5 வோல்ற்றில் சுமையில்லாமல் நிமிடத்துக்கு 9100 சுற்று, 0.2 அம்பியர். தண்டைப் பிடித்து நிறுத்தினால் 2.2 அம்பியர். அதாவது சுருளின் தடை 0.7 ஓம்மைக் கூடத் தொடாது. இதற்கு 6 வோல்ற்று கொடுத்துத் தண்டு இறுகினால் கிட்டத்தட்ட 9 அம்பியர், 50 வாற்றுக்கு மேல் சூடு. கட்டைவிரல் நுனியளவு சாமானுக்குள் 50 வாற்று என்றால் சுருளின் மேற்பூச்சு சில நொடிதான் தாங்கும்.

அந்த எண்ணிலேயே ஒரு தகவல் ஒளிந்திருக்கிறது. 2270 என்றால் 0.22 மில்லிமீற்றர்க் கம்பி, 70 சுற்று. 18100 என்றால் 0.18 மில்லிமீற்றர், 100 சுற்று. வெளிக்கூடு இரண்டுக்கும் ஒன்றே, பொருத்தமான வோல்ற்று வேறு. 130, 280, 380, 540 என்பவையெல்லாம் அளவைச் சொல்பவை. "380 மோட்டர் எத்தனை வோல்ற்று?" என்று கடையில் கேட்டால் யாராலும் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான்.

அளக்குமுன் பிரித்தறிய வேண்டியவை

பிரஷ் (சுற்றும் சுருளுக்கு உராய்ந்தபடி கரண்ட் கொடுக்கும் தொடுமுனை) இல்லாத மோட்டருக்கு இந்த வழிகாட்டி பொருந்தாது. கணினி விசிறி அந்த வகை: உள்ளே ஐசி இருக்கிறது, 12 வோல்ற்று என்று எழுதியிருந்தால் அதையே கொடுங்கள். "12 வோல்ற்று" சோலர் பனலோடு நேரே இணைத்தால், சுமை குறைந்த நேரத்தில் பனல் 21 வோல்ற்று வரை போகும், ஐசி போய்விடும்.

கசற் றெக்கோடர் மோட்டரின் உள்ளேயும் பல வகைகளில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சிறு சுற்று உண்டு. அதன் முனைகளில் தடை அளந்தால் பொய்யான எண் வரும், முனை மாற்றிக் கொடுத்தால் ஒழுங்காக ஓடாது. மேலே எழுதிய வோல்ற்றை நம்புங்கள்.

தலைமுடி உலர்த்தியில் கழற்றிய மோட்டர் சிறிய டிசி மோட்டர்தான். அது 230 வோல்ற்றில் ஓடியது என்று நினைப்பது உயிராபத்தான தவறு. சூடேற்றும் கம்பி பெரும்பங்கு வோல்ற்றை விழுங்கி, நான்கு டயோட் வழியாக மிச்சம்தான் மோட்டருக்குப் போகிறது. அதை ஒருபோதும் சுவர்ச் சொக்கற்றில் செருக வேண்டாம். மிக்சி மோட்டர் வேறு சாதி, அதையும் விட்டுவிடுங்கள்.

தேவையானவை

மல்ரிமீற்றர் ஒன்று, இரண்டிருந்தால் வசதி. 5 வோல்ற்று போன் சார்ஜரும் வெட்டிய ஒரு யுஎஸ்பி வயரும். 10 ஓம், 5 வாற்றுத் தடையி ஒன்று. வோல்ற்றைக் கூட்டிக் குறைக்கக்கூடிய மின்வழங்கி; இல்லாவிட்டால் 1.5 வோல்ற்றுப் பற்றரிகளும் அவற்றைப் போடும் கூடும். கண்ணுக்குக் கண்ணாடி: விசிறி இதழ் உடைந்து பறந்தால் கண்ணைத்தான் தேடி வரும்.

படி 1: சுருளின் தடையை அளத்தல்

மல்ரிமீற்றரை ஓம்மில் வைத்து முனைகளில் தொடுவது இங்கே சரிவராது. மீற்றரின் வயர்களே 0.3, 0.5 ஓம் காட்டும், 0.7 ஓம் மோட்டரில் அது பாதியளவு பிழை. அதற்குப் பதிலாக, சார்ஜரின் 5 வோல்ற்றை 10 ஓம் தடையி வழியாக மோட்டருக்குக் கொடுங்கள். தண்டைக் குறட்டால் மெதுவாகப் பிடித்துச் சுற்றவிடாமல் வைத்து, தடையியின் இரு முனையிலும் ஒருதரம், மோட்டரின் இரு முனையிலும் ஒருதரம் வோல்ற்றை அளவுங்கள். தடையியில் 3.6 வோல்ற்று என்றால் கரண்ட் 0.36 அம்பியர். மோட்டரில் 1.3 வோல்ற்று என்றால், 1.3ஐ 0.36ஆல் வகுக்க 3.6 ஓம்.

தண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஒரு முழுச்சுற்றில் ஆறேழு இடத்தில் அளவுங்கள். பொம்மை மோட்டரில் மூன்று சுருள்தான் இருக்கும். நல்ல மோட்டரில் ஒரே எண் திரும்பத் திரும்ப வரும். ஓர் இடத்தில் மட்டும் தடை மற்ற இடங்களைப் போல இரண்டு மடங்காக ஏறினால் ஒரு சுருள் அறுந்திருக்கிறது. ஓர் இடத்தில் மட்டும் தடை பாதியாக விழுந்தால் உள்ளே கம்பிகள் ஒட்டியிருக்கின்றன. அந்த மோட்டருக்கு எந்த வோல்ற்றும் பாதுகாப்பில்லை, எறிந்துவிடலாம்.

உப்புக்காற்றுப் படும் இடத்தில் கிடந்த மோட்டர் எல்லா இடத்திலும் அதிகத் தடையும், தொட்டால் ஆடும் எண்ணும் காட்டலாம். கொமியூட்டேற்றரில் (தண்டில் பிரஷ் உராயும் செப்புத் துண்டுகளில்) பச்சை பிடித்திருக்கும். 1.5, 2 வோல்ற்றில் சுமையில்லாமல் இருபக்கமும் ஐந்தைந்து நிமிடம் ஓடவிட்டு மறுபடி அளந்துவிட்டே முடிவுக்கு வாருங்கள்.

படி 2: எவ்வளவு கரண்ட் தாங்கும்?

கூட்டின் பருமனே சூட்டை வெளியேற்றுகிறது. தொடர்ந்து ஓடுவதற்கு நாங்கள் வைத்திருக்கும் கை அளவு இது: 130 அளவுக்கு அரை முதல் ஒரு வாற்று, 28 மில்லிமீற்றர் விட்டமுள்ள 380 அளவுக்கு 3 வாற்று, 36 மில்லிமீற்றருள்ள 540 அளவுக்கு 8 வாற்று. வேண்டுமென்றே குறைத்துப் பிடித்திருக்கிறோம். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று வீசும்போது பகலில் நிழலிலேயே 35 பாகை வரும். மூடிய பெட்டிக்குள் இன்னும் கூடும். குளிர்நாட்டு மேசையில் கிடைக்கும் இடைவெளி எங்களுக்குக் கிடையாது.

சூடு என்பது கரண்ட்டின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் வருவது. மேலே அளந்த மோட்டர் 28 மில்லிமீற்றர் என்று வையுங்கள். 3 வாற்றை 3.6 ஓம்மால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.9 அம்பியர். இந்த எண்ணை எழுதி வையுங்கள். இனி எல்லா முடிவும் இதைச் சுற்றித்தான்.

படி 3: சுமையில்லாமல் வோல்ற்றை ஏற்றுதல்

தண்டில் ஒன்றும் பூட்டாமல், மோட்டரைக் கட்டி வைத்து, 3 வோல்ற்றில் தொடங்குங்கள். ஒவ்வொரு படியிலும் அரை நிமிடம் விட்டுக் கரண்ட்டைக் குறியுங்கள். இப்படி வரும்: 3இல் 0.12, 6இல் 0.14, 9இல் 0.17, 12இல் 0.20, 15இல் 0.31 அம்பியர். 12 வரை மெல்ல ஏறியது 15இல் துள்ளிவிட்டது. அந்தத் துள்ளல்தான் அடையாளம்: பிரஷ் கொமியூட்டேற்றரில் பதியாமல் குதிக்கத் தொடங்குகிறது, உராய்வு கூடுகிறது. காற்றுத் துளை வழியே பார்த்தால் சிறு நீலப் பொறி வளையமாக மாறியிருக்கும், சத்தமும் கீச்சிடும். அதற்கு முந்திய படிதான் உச்சம்.

வேகத்தையும் கணக்கிடலாம். மோட்டரின் தண்டை மின் துளைப்பானின் வாயில் பூட்டிச் சுற்றினால் அது உற்பத்தி செய்யும் வோல்ற்றை மீற்றர் காட்டும். 2800 சுற்று என்று எழுதிய துளைப்பானில் 2.6 வோல்ற்று வந்தால், 1000 சுற்றுக்கு 0.93 வோல்ற்று. 12 வோல்ற்றில் சுருள் விழுங்குவது 0.2 தரம் 3.6, அதாவது 0.7. மிச்சம் 11.3ஐ 0.93ஆல் வகுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 12,000 சுற்று. 15 வோல்ற்றில் 15,000ஐத் தொடும். இந்த ரக மோட்டரை 15,000ஐத் தொடாமல் வைப்பது நல்லது. ஆண்டுக்கணக்கில் ஓட வேண்டுமென்றால் 10,000க்குள் வையுங்கள். இந்த மோட்டரில் அது கிட்டத்தட்ட 10 வோல்ற்று.

படி 4: சுமையோடு

மேலே வந்த 12 வோல்ற்று இன்னும் அனுமதி மாத்திரமே. இப்போது உண்மையான விசிறியைப் பூட்டி 12 வோல்ற்றில் அளந்தால் 1.3 அம்பியர் ஓடுகிறது. தாங்குவது 0.9. இப்படியே விட்டால் சூடு 3 வாற்றுக்குப் பதில் 6 வாற்று. தொடக்கத்தில் சொன்ன கருகல் வாடை இந்த இடத்திலிருந்துதான் வருகிறது.

எவ்வளவு குறைப்பது? இங்கே சுமையின் குணம் தெரிய வேண்டும். விசிறிக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் வேகம் கூடினால் தேவைப்படும் முறுக்கு (தண்டைத் திருப்பும் பலம்) வேகத்தின் வர்க்கமாக ஏறும். வோல்ற்றை 2 மடங்காக்கினால் கரண்ட் கிட்டத்தட்ட 4 மடங்கு, சூடு 16 மடங்கு வரை. நல்ல பக்கமும் உண்டு: கொஞ்சம் குறைத்தாலே நிறைய மிச்சம். 0.9ஐ 1.3ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.83. 12 தரம் 0.83 என்றால் 10 வோல்ற்று. இந்த மோட்டருக்கு இந்த விசிறியோடு பாதுகாப்பான வோல்ற்று 10. காற்றுக் குறைவது கொஞ்சம், சூடு விழுவது பாதி.

கயிறு சுற்றி எடை தூக்கும் சுமை வேறு. எடை மாறாத வரை 6 வோல்ற்றிலும் 12 வோல்ற்றிலும் ஏறக்குறைய ஒரே கரண்ட்தான். அங்கே 0.9க்கு மேல் ஓடினால் வோல்ற்றைக் குறைப்பது மருந்தாகாது. கியர் விகிதத்தைக் கூட்ட வேண்டும், இல்லையேல் எடையைக் குறைக்க வேண்டும்.

"குறைந்த வோல்ற்று எப்போதும் பாதுகாப்பு" என்ற நம்பிக்கையும் மோட்டர் கொல்லும். நமது 3.6 ஓம் மோட்டர் 5 வோல்ற்றில் சுமையைத் தள்ள முடியாமல் நின்றுவிட்டால் 1.4 அம்பியர், 7 வாற்று. சுற்றாததால் உள்ளே காற்றும் அசையாது. சத்தமில்லாமல், பொறியில்லாமல், மெதுவாகப் பொசுங்கும். ஆகவே நீங்கள் தேர்ந்த வோல்ற்றில் மோட்டர் சுமையோடு பத்துத் தடவை நிறுத்தி நிறுத்திப் புறப்படுகிறதா என்று பாருங்கள். ஒருமுறை தடுமாறினாலும் வோல்ற்று போதவில்லை.

படி 5: சூட்டைச் சரிபார்த்தல்

28 மில்லிமீற்றர் மோட்டர் தன் நிலையான சூட்டுக்கு வரக் கால் மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். மூன்று நிமிடத்தில் தொட்டுப் பார்த்து "சூடில்லை" என்று சொல்லாதீர்கள். அரை மணித்தியாலம் ஓடிய பிறகு கூட்டில் விரலை ஐந்து நொடி வைத்திருக்க முடியாவிட்டால் 60 பாகையைத் தாண்டிவிட்டது. உள்ளே சுருள் அதைவிட 20, 30 பாகை கூடுதலாக இருக்கும்.

விரலைவிடச் சரியான வழி தடைதான். செப்புக் கம்பியின் தடை சூட்டோடு ஏறும். மோட்டரை நிறுத்திய உடனே படி 1இல் செய்தது போல அளவுங்கள். தொடங்குமுன் 32 பாகையில் 3.6 ஓம், இப்போது 4.2 ஓம் என்றால், 4.2ஐ 3.6ஆல் வகுத்து ஒன்றைக் கழிக்க 0.167. அதை 234.5 கூட்டல் 32ஆல் பெருக்க 44 பாகை ஏற்றம். சுருள் 76 பாகையில் இருக்கிறது. மலிவான மோட்டரில் 100ஐத் தொடவிடாதீர்கள். அரை நிமிடம் தாமதித்து அளந்தாலும் எண் இறங்கிப் பொய் சொல்லும்.

மின்வழங்கியில் எழுதியதும் உண்மையில் வருவதும்

"12 வோல்ற்று" என்ற சொல் பலருக்குப் பல பொருள். ஈய அமிலப் பற்றரி ஓய்வில் 12.7, சார்ஜ் ஆகும்போது 14.4 வரை. மூன்று லித்தியம் செல் தொடர் முழு நிரப்பில் 12.6, முடியும்போது 9. உள்ளே இரும்பு மின்மாற்றி உள்ள பாரமான பழைய அடப்டர் சுமையில்லாமல் 16, 17 காட்டும். இலேசான புது அடப்டர் சரியாக 12. மடிக்கணினிச் சார்ஜர் பெரும்பாலும் 19.

12க்கும் 14.4க்கும் வித்தியாசம் சிறிதாகத் தெரியும். 1.2 மடங்குதான். பம்பில் அது கரண்ட்டை 1.44 மடங்காக்கி, சூட்டை இரண்டு மடங்காக்குகிறது. இயந்திரம் ஓடிப் பற்றரி சார்ஜ் ஆகும் வள்ளத்தில் நாள் முழுக்க நிலை இதுதான். வள்ளத்துக்கென்றே செய்த பம்ப் இதைக் கணக்கில் வைத்துத்தான் வருகிறது. பழைய சாமானில் கழற்றிய 12 வோல்ற்று மோட்டரைக் கொண்டு பம்ப் செய்தால், 14.4இல் அளந்து பார்க்காமல் கடலுக்குக் கொண்டு போகாதீர்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 1 சதுர மில்லிமீற்றர் வயர் பற்றரியிலிருந்து 5 மீற்றர் போனால், போய்வர 10 மீற்றர், 0.175 ஓம். 4 அம்பியர் ஓடினால் 0.7 வோல்ற்று வழியிலேயே போய்விடும். 0.5 சதுர மில்லிமீற்றர் வயரென்றால் இழப்பு 1.4. மீற்றரை எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டரின் முனையில் வையுங்கள், பற்றரியின் முனையில் அல்ல.

மாணவர்களின் ரோபோ வண்டிகளில் வரும் மஞ்சள் கியர் மோட்டர் 3 முதல் 6 வோல்ற்றுக்கானது. அதை எல்298 என்ற மோட்டர் ஓட்டும் சிப் உள்ள பலகை வழியே ஓட்டினால் 2 வோல்ற்றளவு அந்தச் சிப்பிலேயே போகும். 6 வோல்ற்றுப் பற்றரி கொடுத்தால் மோட்டருக்கு 4தான். இது தெரியாமல் சதுர 9 வோல்ற்றுப் பற்றரியை மாட்டுவார்கள். அந்தப் பற்றரியால் நான்கு மோட்டர் புறப்படும் கரண்ட்டைக் கொடுக்க முடியாது, வோல்ற்று சரிந்து கட்டுப்பாட்டுப் பலகை மீண்டும் மீண்டும் அணைந்து எழும். இரண்டு லித்தியம் செல் தொடர், 7.4 வோல்ற்று, இந்தப் பலகையோடு பொருந்தும்.

வோல்ற்றைக் குறைக்கும் வழி

தொடரில் தடையி போடாதீர்கள். புறப்படும்போது கரண்ட் அதிகம், அதனால் தடையி அப்போதே அதிக வோல்ற்றை விழுங்கி மோட்டரை நிற்க வைக்கும். ஒன்றிரண்டு வோல்ற்றுக் குறைக்கத் தொடரில் டயோட் போதும், ஒன்று 0.7 வோல்ற்றளவு எடுக்கும். 1என்4007 ஒரு அம்பியருக்கு மட்டும். அதற்கு மேல் 1என்5408.

மற்றபடி எல்எம்2596 போன்ற குறைக்கும் பலகைதான் நல்லது. 3 அம்பியர் என்று எழுதியிருந்தாலும் தொடர்ந்து 2க்கு மேல் எடுக்காதீர்கள். மோட்டரை இணைக்காமல் முதலில் வெளியீட்டைச் சரிசெய்யுங்கள். அதிலுள்ள நீலப் பெட்டியின் பித்தளைத் திருகு பல சுற்றுச் சுற்றும் வகை. பலகையைக் கையிலெடுத்ததும் பத்துச் சுற்றுத் திருகினாலும் மீற்றரில் எண் அசையாமல் இருக்கலாம், பிறகு சட்டென்று இறங்கத் தொடங்கும். பொறுமையாகத் திருகி, 10.0 வந்ததும் திருகின் மேல் ஒரு துளி நகப்பூச்சு வையுங்கள். வண்டியில், வள்ளத்தில் அதிர்வுக்கு அது நகரும்.

கடைசியாகப் பியூஸ். ஓடும் கரண்ட்டுக்கு மேலும் இறுகி நிற்கும் கரண்ட்டுக்குப் போதிய கீழும் இருக்க வேண்டும். நமது மோட்டர் 10 வோல்ற்றில் இறுகினால் 2.8 அம்பியர், சூடேறிய பிறகு தடை கூடுவதால் 2.3தான். இதற்கு 1 அம்பியர், மெதுவாக எரியும் வகை. வீட்டில் கிடந்த 5 அம்பியர்ப் பியூஸைப் போட்டால் மோட்டர்தான் முதலில் எரியும், பியூஸ் பளபளவென்று இருக்கும். பம்பின் இதழில் தங்கூசி (நைலோன்) நூல் சிக்கினால் மோட்டரைக் காப்பாற்ற வேறு ஒன்றும் இல்லை.

முடிந்ததும் கூட்டில் அழியாத பேனாவால் எழுதி வையுங்கள்: 10 வோல்ற்று, 0.9 அம்பியர், பியூஸ் 1 அம்பியர், எந்த விசிறியோடு அளந்தது, எந்தத் திகதி. விசிறியை மாற்றினால் படி 4இலிருந்து மறுபடி.